தங்கக்கையும் ஒழுங்குக் குழுவும்

மருத்துவர் சங்கத்தின் ஒழுங்குக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் ஒத்தடம் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல. ஆனால் அவருக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கே வீக்கம் கண்டாலும் கத்தி வைக்காமல், இதமாக ஒரு வார்த்தை சொல்லியே வற்ற வைத்துவிடுவார். அவர் தலைமையில் எத்தனையோ புகார்கள் விசாரிக்கப்பட்டன. ஒரு டாக்டர்கூடத் தண்டனை வாங்கியதில்லை. வெளியாள் யாராவது அதைக் கேட்டால், "எங்க ஆளுங்க அவ்வளவு ஒழுங்கு. எங்களை நாங்களே பாத்துக்கறோம். இதுல வக்கீலு, போலீஸுன்னு மூணாவது மனுஷன் எதுக்கு?" என்பார்.

குழுவில் அவரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் கண் டாக்டர், ஒத்தடத்தின் மனைவிக்குத் தம்பி. மைத்துனனைக் குழுவில் போடலாமா என்று யாரோ ஒருமுறை முணுமுணுத்ததற்கு, "டாக்டருங்க எல்லாருமே ஒரே குடும்பம்தானே, இதுல தனியா என்ன மைத்துனன்?" என்று பதில் வந்தது. இன்னொருவர் தோல் டாக்டர். அவர் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு மாநாட்டில் இருப்பார். அவருடைய சம்மதம் மட்டும் போனில் வந்துவிடும், பல சமயம் விசாரணை தொடங்குவதற்கு முன்பே.

அந்த ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். தங்கக்கை என்று பேர். சும்மா வந்த பேர் இல்லை. ஒரு காலத்தில் அவர் வயிற்றைத் திறந்து மூடினால் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார்கள். அந்தக் கைக்குத்தான் வயதாக ஆரம்பித்தது. முதலில் கையெழுத்து கோணியது. பிறகு டீ டம்ளர் தளும்பியது. அப்புறம் ஆபரேஷன் மேஜையிலேயே விரல் நடுங்கியது.

அதை முதலில் பார்த்தவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. அவர் நேராக ஒத்தடத்தின் கிளினிக்குக்கு வந்தார்.

"சார், அவர் கை ஆடுது. நேத்து ரத்தக்குழாயைக் கட்டறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசணும்."

ஒத்தடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எவ்வளவு பெரிய மனுஷன்மா அவர்! உங்களுக்கும் எனக்கும் எத்தனை தடவை கைகொடுத்திருக்கார்! இன்னும் கொஞ்ச நாள்ல ஓய்வு பெறப் போறார். இப்பப் போய் அசிங்கப்படுத்தணுமா? இது நம்ம வீட்டு விஷயம். நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

"அதுவரைக்கும் மேஜையில படுக்கறவங்க, சார்?"

"நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே! கொஞ்சம் பாத்துக்கங்க."

டாக்டரம்மா எழுந்து போய்விட்டார். மறுபடி வரவில்லை. ஒத்தடம் அதை, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு ஏற்பாடு தானாகவே முளைத்துவிட்டது. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தங்கள் வீட்டு ஆட்களுக்கு வயிற்றில் ஏதாவது என்றால் மட்டும் டாக்டர்கள் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். கண் டாக்டர் தன் மாமியாரைக் கொண்டுபோனபோது, "அங்க காத்து நல்லா இருக்கும், அதான்" என்றார். நர்சுகள் தங்கள் தெருக்காரர்களுக்குக் காதோடு காதாகச் சொன்னார்கள். வாட்ச்மேன் தன் சித்தப்பாவுக்குச் சொன்னார். சொல்ல ஆளில்லாதவர்களுக்குத் தங்கக்கை ஆபரேஷன் செய்தார்.

அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போனவர்தான் டிரைவிங் டீச்சர். ஊருக்குள் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்மணி. இரண்டு பக்கமும் பிரேக் வைத்த காரில், கற்றுக்கொள்பவர் கத்தினாலும் அழுதாலும் கலங்காமல் உட்கார்ந்திருப்பவர். பித்தப்பையில் கல் என்று தங்கக்கையிடம் போனார். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். வீட்டுக்கும் போனார். போன கையோடு உடம்பெல்லாம் மஞ்சளாகிக் காய்ச்சலில் விழுந்தார். அவருடைய தங்கை அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே திறந்து பார்த்தபோது, வெட்ட வேண்டிய குழாயோடு வெட்டக் கூடாத குழாயும் வெட்டுப்பட்டிருந்தது. பிழைத்து எழுந்தபோது டீச்சர் பாதி ஆளாக இருந்தார். குரல் மட்டும் முழுசாக இருந்தது. அந்தக் குரலோடுதான் ஒழுங்குக் குழுவுக்கு வந்தார்.

சங்கத்தின் கூட்ட அறை குளுகுளுவென்று இருந்தது. நீள மேஜையின் ஒரு பக்கம் ஒத்தடமும் கண் டாக்டரும். அவர்களுக்குப் பக்கத்திலேயே, அவர்களில் ஒருவரைப் போல, தங்கக்கை. எதிர்ப் பக்கம் டீச்சர் தனியாக. எல்லோருக்கும் டீ வந்தது. எல்லோரும் குடித்தார்கள். தங்கக்கையின் டீ மட்டும் ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் மேஜைக்கடியில், மடியில் வைத்திருந்தார்.

"நான் வேற ஒண்ணும் கேக்கல. அவரைக் கையை நீட்டச் சொல்லுங்க. அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

"அம்மா, இது கௌரவமான இடம்" என்றார் ஒத்தடம், தேன் தடவிய குரலில். "பள்ளிக்கூடப் பசங்களுக்கு நகம் பாக்கற மாதிரி ஒரு மூத்த மருத்துவரை நடத்த முடியாது."

"சரி. அப்ப இதைச் சொல்லுங்க. நான் கத்துக்குடுத்த ஆளுக்கு நானே லைசென்ஸ் குடுக்க முடியாது. யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் வருவார், பக்கத்துல உக்காருவார், ஓட்டிக் காட்டச் சொல்லுவார். உங்களுக்கு அப்படி யாரு?"

"நாங்களேதான்."

"நல்லா இருக்கு. உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன்னா இவர்கிட்டதான் விடுவீங்களா?"

கண் டாக்டர் கூரையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பூச்சியைப் பார்த்தார். ஒத்தடம், "இந்தக் கேள்விக்கும் புகாருக்கும் சம்பந்தமில்ல" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள் மயக்க டாக்டரம்மா.

"ஆபரேஷன் அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் ஒத்தடம்.

"நோயாளியோட தலைமாட்டுல."

"தலைக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு துணி மறைப்பு கட்டுவாங்க இல்லையா?"

"கட்டுவாங்க. ஆனா எட்டிப் பாத்தா—"

"மறைப்பு இருந்துச்சுன்னு சொல்லிட்டீங்க. ரொம்ப நன்றிம்மா, போகலாம்."

தீர்ப்பு மறுநாளே வந்துவிட்டது. தங்கக்கையின் கைகள் முழு நலத்துடன் உள்ளன, அவை இந்தத் தொழிலுக்கே ஒரு எடுத்துக்காட்டு என்று குழு ஒருமனதாகக் கண்டறிந்திருந்தது. டீச்சரின் பித்தக்குழாய் வழக்கத்துக்கு மாறான இடத்தில் அமைந்திருந்ததுதான் காரணம். அதை அவர் முன்கூட்டியே டாக்டரிடம் தெரிவித்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் பூரண குணமடையக் குழு வாழ்த்தியது.

டீச்சர் அதைப் படித்துவிட்டுத் தங்கையிடம், "என் வயித்துக்குள்ள எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு நான் சொல்லலையாம்டி" என்றார். சிரிக்கத் தொடங்கினார், தழும்பு வலித்ததால் நிறுத்திக்கொண்டார். அடுத்த நாள் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார்.

வழக்கு வரப் போகிறது என்று தெரிந்ததும், சங்கத்துக்குத் தங்கக்கை மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. அவருக்கு ஒரு பாராட்டு விழா நடத்துவதென்று முடிவானது. பகல் விருந்தோடு பெரிய மண்டபம். பத்திரிகைக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். தலைமை உரை ஒத்தடம்.

"இந்தக் கைகளை நம்பி, கண்ணை மூடிக்கிட்டு நான் என் உயிரையே ஒப்படைப்பேன்" என்று அவர் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அவருடைய வலது விலாவுக்குக் கீழே யாரோ குறடு போட்டு முறுக்கியது போலிருந்தது. மைக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். பிறகு சரிந்தார்.

மேடையில் இருந்தவர்களில் முதலில் எழுந்து வந்தவர் தங்கக்கைதான். கைதான் தளர்ந்ததே தவிர, தலை தெளிவாகத்தான் இருந்தது. விலாவுக்கடியில் அழுத்தி, "இழுத்து மூச்சு விடுங்க" என்றார். ஒத்தடத்தால் மூச்சை இழுக்க முடியவில்லை.

"பித்தப்பை. கல்லு அடைச்சு நல்லா வீங்கியிருக்கு" என்று அறிவித்தார் தங்கக்கை. அவர் கண் கலங்கியது. "நீங்க எனக்காக நின்னீங்க. நாளைக்குக் காலையில உங்களுக்காக நான் நிக்கறேன். வேற யாரும் உங்களைத் தொடக் கூடாது."

மண்டபம் இன்னொரு முறை கைதட்டியது. கேமராக்கள் பளிச்சிட்டன.

ஆஸ்பத்திரியில் அவருக்குச் சன்னலோடு கூடிய பெரிய அறை கொடுத்தார்கள். வலிக்கு ஊசி போட்டதும் அவர் செய்த முதல் வேலை, மைத்துனனைப் பக்கத்தில் கூப்பிட்டது.

"மாப்ள, வண்டியை எடு. பக்கத்து ஊருக்குப் போயிடலாம்."

"என்ன மாமா பேசறீங்க? வாசல்ல பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. கோர்ட்ல கேஸு இருக்கு. தீர்ப்பு எழுதின தலைவரே தப்பிச்சு ஓடிட்டாருன்னா நம்ம கதி என்ன? சங்கமே உங்களைத்தான் நம்பியிருக்கு."

"உன் மாமியாருக்கு மட்டும் அங்க காத்து நல்லா இருந்துச்சா?"

"அவங்க வெளியாளு மாமா. நீங்க தலைவர்." கண் டாக்டர் மாமாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "பாதிப் பேருக்கு மேல ஒண்ணும் ஆகறதில்ல."

அடுத்து மயக்க டாக்டரம்மா வந்தார், ஆபரேஷனுக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்க. ஒத்தடம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை.

"அம்மா, என் இதயம் மயக்க மருந்தைத் தாங்காதுன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. ஆபரேஷன் தள்ளிப் போகட்டும்."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். "இதயம் கல்லு மாதிரி இருக்கு, சார்."

"நான் எதுக்குச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அன்னிக்கு உங்க கிளினிக்ல உக்காந்து நானும் அதைத்தான் சொன்னேன். நம்ம வீட்டு விஷயம்னீங்க." எழுந்தார். "கவலைப்படாதீங்க. நான் தலைமாட்டுலதான் இருப்பேன். நடுவுல மறைப்பு மட்டும் இருக்கும்."

ஒத்தடத்தின் மனைவி மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏங்க, அந்த மனுஷன் கை ஆடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நல்லா இருக்குன்னு எழுதினீங்களா?"

"எல்லாரும் சேர்ந்து எழுதினது."

"அப்ப எல்லாரையும் சேர்ந்து வந்து மேஜையில படுக்கச் சொல்லுங்க." தண்ணீர்ப் பாட்டிலின் மூடியை இறுகத் திருகினார். "நீங்க போயிட்டா சங்கம் மாலை போடும். அந்த மாலையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வாயைத் திறந்து அவர்கிட்டயே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா இந்த மாடி முழுக்கக் கேக்கும்."

காலையில் தங்கக்கை சிரித்த முகமாக வந்தார். வயிற்றில் துளை போட வேண்டிய இடங்களை அடையாளம் வைக்கக் கையில் பேனா. மனைவி எழுந்து நின்றார். தங்கக்கை குனிந்து, தொப்புளுக்கு மேலே ஒரு சின்னக் கோடு போட்டார். கோடு நேராகத் தொடங்கி, எறும்பு போலத் தடுமாறி, விலாப் பக்கம் போய் நின்றது. அவர் எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி போட்டார். இந்தத் தடவை வேறு திசையில் போனது.

ஒத்தடம் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்க இதமான வார்த்தைகளையே பேசிப் பழகிய வாய். இப்போது ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பச்சையாகவே வந்தது.

"உங்க கை ஆடுது."

தங்கக்கை பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்த இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆடுது" என்றார். "எனக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் இதையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன். யாராவது ஒருத்தன் வந்து, 'போதும்பா, கத்தியைக் கீழ வை'ன்னு சொல்லுவான்னு பாத்தேன். நானா சொல்றதுக்குத் தைரியம் வரல. புகார் வந்தப்ப, அப்பாடா, இனிமே அவங்களே சொல்லிடுவாங்கன்னு நிம்மதியாத்தான் உங்க முன்னாடி வந்து உக்காந்தேன். நீங்க என்ன பண்ணீங்க? நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க. எடுத்துக்காட்டுன்னு வேற போட்டீங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நல்லாத்தான் இருக்கோ, நமக்குத்தான் பிரமையோன்னு. டாக்டருங்க எழுதிக் குடுத்தா நம்பணுமில்ல?"

ஒத்தடம் வயிற்றில் இருந்த கோடுகளைப் போர்வையால் மூடினார்.

"அந்தம்மா கையை நீட்டச் சொன்னாங்க" என்றார் தங்கக்கை. "நான் நீட்டியிருப்பேன். நீங்கதான் கௌரவமான இடம்னீங்க."

அவரே வெளியே போய், தன்னிடம் வேலை பழகிய இளம் பெண் அறுவை மருத்துவரை அனுப்பிவைத்தார். ஆபரேஷன் சுருக்கமாக, சுத்தமாக முடிந்தது. தங்கக்கை அன்றே கத்தியைக் கீழே வைத்தார். சங்கம் அவசரமாகக் கூடி, அவர் தானாகவே முன்வந்து விலகியதைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. மருத்துவர்கள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறை எவ்வளவு சிறப்பாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கண் டாக்டர் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார்.

உடம்பு தேறி வந்த ஒத்தடம், டீச்சரின் புகாரை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார். புதிதாக ஆதாரம் எதுவும் வரவில்லையே என்றார்கள். "நான் வந்திருக்கேனே" என்றார். ஆபரேஷன் களைப்பு, ஓய்வெடுங்கள் என்று தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தட்டலின் பக்குவம் அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அவர்தான் அப்படித் தட்டிக்கொண்டிருந்தார். வாங்கும்போதுதான் அது எப்படி எரிகிறது என்று தெரிந்தது.

நீதிமன்றத்தில் டீச்சரின் வக்கீல் ஒத்தடத்தைச் சாட்சிக்கு அழைத்தார். சங்கத்தில் யாரும் பயப்படவில்லை. ஒத்தடம்தானே, எதையும் பூசி மெழுகிவிடுவார் என்று முன் வரிசையில் வந்து வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இதே ஆபரேஷன் உங்களுக்கு வந்தப்ப இவர்கிட்ட பண்ணிக்கிட்டீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்ல."

"ஏன்?"

"கை ஆடுச்சு. பயமா இருந்துச்சு."

"அது எப்ப உங்களுக்குத் தெரியும்?"

அவர் எதிரே பார்த்தார். டீச்சர் பெஞ்சின் நுனியில், கற்றுக்கொள்பவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போல, கால் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"இந்தம்மாவுக்கு ஆபரேஷன் ஆகறதுக்கு முன்னாடியே" என்றார் ஒத்தடம். "எனக்குத் தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டு ஆளுங்களை நாங்க அனுப்பறதில்ல."

டீச்சர் ஜெயித்தார். வெளியே வராந்தாவில் அவரைப் பார்த்ததும் ஒத்தடம் கும்பிட்டார். டீச்சர் கும்பிடவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம். ஏசி போட்டுத்தானே உக்காந்திருந்தீங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு போய்விட்டார்.

ஒழுங்குக் குழு அதற்கு முன் எப்போதும் காட்டாத வேகத்தில் கூடியது. தோல் டாக்டர் மாநாட்டை விட்டுவிட்டு விமானம் பிடித்து வந்தார். புதுத் தலைவராகக் கண் டாக்டர் உட்கார்ந்தார். சக மருத்துவரை வெளியார் முன்னிலையில் இழிவுபடுத்தியது, தொழிலின் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டது என்று இரண்டு குற்றங்கள். தங்கக்கை தானாகவே சாட்சி சொல்ல வந்து, "என்னை யாரும் இழிவுபடுத்தலையே" என்றார். பாதிக்கப்பட்டவருடைய கருத்து இதில் பொருந்தாது என்று அவரை அனுப்பிவிட்டார்கள். ஒத்தடம் ஆறு மாதம் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பானது. அந்தக் குழுவின் சரித்திரத்திலேயே முதல் தண்டனை. கடமை தவறாத குழு என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது.

வீட்டில் மனைவி தட்டில் சாப்பாட்டைப் போட்டபடி, "என் தம்பி கண்ணுக்கு நாற்காலி நல்லாத் தெரியுது" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடப் போட்டார்.

மறுநாள் காலை ஒத்தடம் கிளினிக்கைப் பூட்டப் போனார். வாசலில் வழக்கமாக வரும் ஒரு பாட்டியம்மா இருமலோடு காத்திருந்தார்.

"இன்னிக்குப் பாக்க முடியாதும்மா. ஆறு மாசம் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அய்யய்யோ! அப்படி என்ன பண்ணீங்க? யாருக்காவது மருந்தை மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"இல்லம்மா. அதுக்கெல்லாம் எங்ககிட்ட தண்டனை கிடையாது" என்றார் அவர். ஷட்டரை இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. பாட்டியம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு பக்கம் பிடித்து இழுத்தார். இருவருமாகச் சேர்ந்து அதை மூடினார்கள்.